ஆள் அசையாமல் இருந்தாலும் வைஃபை கண்டுபிடிக்குமா? சுவர் தாண்டிப் பார்ப்பது எவ்வளவு நிஜம்?

#1 தாழ்வாரம்

படிக்கும் அறையில் அகச்சிவப்பு அசைவு சென்சார் ஒன்றை விளக்கோடு இணைத்திருக்கிறேன். உள்ளே நுழைந்தால் எரிகிறது, அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் புத்தகத்தோடு உட்கார்ந்து கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தால், ஆளே இல்லை என்று முடிவு கட்டி அணைத்துவிடுகிறது. அவ்வப்போது கையை ஆட்டிக்கொண்டே படிக்க வேண்டியிருக்கிறது. கேமரா வேண்டவே வேண்டாம்.

வைஃபை சிக்னலை வைத்தே ஆள் இருப்பதையும், மூச்சு விடுவதையும்கூடக் கண்டுபிடிக்கலாம் என்று செய்திகள் வருகின்றன. சுவருக்கு அந்தப் பக்கம் நிற்பவரின் உடல் வடிவத்தை வரைந்து காட்டும் படங்களையும் பார்த்தேன். இதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு ஆய்வகத்தோடு நின்றுபோகும் விஷயம்? ஏற்கெனவே இருக்கும் ரவுட்டரை வைத்து ஏதாவது செய்ய முடியுமா?

#2 நிரல்பூச்சி

முதலில் இரண்டு விஷயங்களைப் பிரித்துக்கொள்ளுங்கள், பாதிக் குழப்பம் தீரும்.

போனில் கோடு கோடாகத் தெரிகிறதே சிக்னல் வலிமை, அது ஆர்எஸ்எஸ்ஐ. ஒரு பாக்கெட்டுக்கு, அதாவது ஒரு தரவுப் பொட்டலத்துக்கு, ஒரே ஓர் எண். இரண்டு கருவிகளுக்கு நடுவே ஒருவர் நடந்து போனால் அது துள்ளும், அதற்கு மேல் அதை நம்ப முடியாது. சிஎஸ்ஐ, அதாவது சேனல் நிலைத் தகவல், வேறு. 20 மெகாஹெர்ட்ஸ் சேனலை வைஃபை பல சப்கேரியர்களாக, அதாவது அடுத்தடுத்த சின்ன அலைவெண்களாக, பிரித்து அனுப்புகிறது. 802.11என் என்ற வைஃபை தலைமுறையில் பயன்படுபவை 56. ஒவ்வொன்றும் எவ்வளவு வீச்சோடு, எந்தக் கட்டத்தில் (அலையின் ஏற்ற இறக்கச் சுற்றில் எந்த இடத்தில்) வந்து சேர்ந்தது என்பதை ரிசீவர் ஒவ்வொரு பாக்கெட்டின் தொடக்கத்திலும் கணக்கிட்டே ஆகவேண்டும். இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் தரவைப் படிக்கவே முடியாது. அந்தக் கணக்கை நாமும் பார்க்கக் கிடைத்தால் அதுதான் சிஎஸ்ஐ.

பெரும்பாலான ரவுட்டர்கள் அதை வெளியே தருவதில்லை. 2011-இல் இன்டெல் 5300 என்ற பழைய லேப்டாப் கார்டிலிருந்து அதை எடுக்க ஒரு கருவி வந்தது. ஆய்வுக் கட்டுரைகள் மளமளவென்று பெருகியது அதற்குப் பிறகுதான். பின்னால் அதெராஸ் சிப்புகளுக்கு ஒன்று, பிராட்காம் சிப்புகளுக்கு நெக்ஸ்மான் என்று ஒன்று. இப்போது எளிய வழி ஈஎஸ்பி32, அதாவது வைஃபை உள்ள சின்ன மின்னணுப் பலகைகள். தயாரிப்பாளரின் மென்பொருளிலேயே சிஎஸ்ஐ எடுக்கும் வசதி இருக்கிறது. இரண்டு பலகை போதும், ஒன்று அனுப்ப, ஒன்று வாங்க. அல்லது ஒரே பலகையை ரவுட்டரோடு இணைத்துத் தொடர்ந்து பிங் (பதில் கேட்கும் சின்னப் பாக்கெட்) விட்டாலும் சரி.

#3 கேள்விக்குறி

எனக்கு இதில் பெரிய நம்பிக்கை இல்லை. கதவைத் திறந்தால் மாறும், நாற்காலியை நகர்த்தினால் மாறும், ரவுட்டர் தானாகச் சேனல் மாற்றினால் எல்லாமே மாறும். இத்தனை இரைச்சலுக்கு நடுவே மூச்சு தெரிகிறது என்பதை எப்படி நம்புவது?

#4 சிற்றலை

நம்பவே வேண்டாம், கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.

ரிசீவருக்கு வந்து சேருவது நேராக வரும் அலை மட்டும் இல்லை. சுவர், அலமாரி, மேசை, மனித உடல் என்று எல்லாவற்றிலும் பட்டுத் திரும்பி வருபவற்றின் கூட்டுத்தொகை. அசையாத பொருள்களின் பங்கு அப்படியே இருக்கும். ஆள் நகர்ந்தால் அவர்மீது பட்டு வரும் அலையின் பாதை நீளம் மாறும், அதன் கட்டம் சுழலும், மொத்தத் தொகை ஏறி இறங்கும். நாம் அளப்பது இந்த ஏற்ற இறக்கத்தைத்தான்.

2.4 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் ஏறத்தாழ 12.5 செ.மீ. ஒருவர் விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் கருவியை நோக்கி நடந்தால், போய்த் திரும்பும் பாதை விநாடிக்கு இரண்டு மீட்டர் குறையும். 2-ஐ 0.125-ஆல் வகுத்தால் 16. அதாவது வீச்சு விநாடிக்கு 16 முறை ஏறி இறங்கும். இதைத் தவறவிட முடியாது.

இப்போது மூச்சு. மார்பு 5 மி.மீ. முன்னே வந்தால் பாதை 10 மி.மீ. மாறும். 12.5 செ.மீ. அலைநீளத்தில் அது ஒரு முழுச் சுற்றின் 8 சதவீதம், சுமார் 29 பாகை. 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் அலைநீளம் 5.5 செ.மீ. என்று வைத்துக்கொண்டால் 65 பாகை. சின்ன மாற்றம்தான், ஆனால் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை என்று ஒரே தாளத்தில் திரும்பத் திரும்ப வருகிறது. அரை நிமிடத் தரவைச் சேர்த்து அலைவெண் பகுப்பாய்வு செய்தால் இரைச்சலுக்கு மேலே ஒரு முகடு தலைதூக்கும். இரைச்சலுக்குத் தாளம் கிடையாது, மூச்சுக்கு உண்டு. அந்த வித்தியாசத்தை வைத்துத்தான் பிழைப்பு ஓடுகிறது.

இதில் ஒரு வில்லங்கம் உண்டு, செய்திகளில் அதைச் சொல்ல மாட்டார்கள். உங்கள் உடலில் பட்டு வரும் அலை, நேராக வரும் அலையோடு எந்தக் கட்டத்தில் சேருகிறது என்பது நீங்கள் உட்காரும் இடத்தைப் பொறுத்தது. இரண்டும் ஒரே கட்டத்திலோ நேர் எதிர்க் கட்டத்திலோ சந்திக்கும் இடத்தில் நீங்கள் இருந்தால், மார்பு அசைந்தாலும் மொத்த வீச்சு ஏறக்குறைய மாறாது. ஒன்றிரண்டு சென்டிமீட்டர் தள்ளி உட்கார்ந்தால் பளிச்சென்று தெரியும். ஃபிரெனல் மண்டலங்களை (இரண்டு கருவிகளையும் சுற்றி, பாதை நீளத்தைப் பொறுத்து அமையும் அடுக்குகளை) வைத்து இதை விளக்கியவர்கள் பீக்கிங் பல்கலைக்கழகத்தின் டாசிங் ஜாங் குழுவினர். வீச்சில் காணாமல் போவது கட்டத்தில் தெரியும் என்பது ஆறுதல். ஆனால் அனுப்பும் கருவிக்கும் வாங்கும் கருவிக்கும் கடிகாரம் வேறு வேறு என்பதால், பாக்கெட்டுக்குப் பாக்கெட் கட்டம் கன்னாபின்னாவென்று குதிக்கும். ஒரே கார்டில் இரண்டு ஆன்டெனா இருந்தால் ஒன்றை மற்றொன்றால் வகுத்து அந்தக் குதிப்பை நீக்கிவிடலாம், இரண்டுக்கும் அது பொதுவானது என்பதால். ஈஎஸ்பி32-இல் பெறும் பாதை ஒன்றே ஒன்று. அதனால் அந்த வித்தை அங்கே பலிக்காது.

#5 நிரல்பூச்சி

சிற்றலை சொன்ன குருட்டு இடங்களை நானும் பார்த்திருக்கிறேன். அதே நாற்காலி, அதே ஆள். முதுகைச் சாய்த்தால் மூச்சு தெரியும், முன்னால் குனிந்தால் மறையும். ஒரு சப்கேரியரில் மறைவது இன்னொன்றில் தெரியலாம், அதனால் 56-ஐயும் சராசரி எடுக்காதீர்கள். அதிகம் ஆடுகிற நாலைந்தைத் தேர்ந்தெடுங்கள்.

இன்னொன்று, பாக்கெட் வேகம். ரவுட்டர் தன் இருப்பை அறிவிக்கத் தானாக அனுப்பும் பீக்கன் விநாடிக்குப் பத்துக்குக் கொஞ்சம் கம்மியாகத்தான் வருகிறது. மூச்சுக்கு அது போதும். மேலே போட்ட கணக்குப்படி நடைக்குப் போதாது, தவறான அலைவெண்ணைக் காட்டும். விநாடிக்கு நூறு பாக்கெட்டாவது விடுங்கள்.

அப்புறம் மின்விசிறி. அதுவும் தாளத்தோடுதான் சுற்றுகிறது, அதுவும் மூச்சைவிடப் பல மடங்கு பலமாக.

#6 பழைய வானொலி

ஆர்எஸ்எஸ்ஐயை அவ்வளவு எளிதாக ஒதுக்கிவிடாதீர்கள் தம்பி. யூட்டா பல்கலைக்கழகத்தில் ஜோயி வில்சனும் நீல் பட்வாரியும் 2010 வாக்கில் வெறும் சிக்னல் வலிமையை மட்டும் வைத்து ஓர் இடத்துக்குள் ஆள் எங்கே நிற்கிறார் என்று படமே போட்டார்கள். சுற்றிலும் பல ரேடியோக்களை வைத்து, எந்தெந்த இணைப்புகள் மங்குகின்றன என்று பார்த்து, மருத்துவ ஸ்கேன் கணக்கைப் போலவே பின்னோக்கிப் போட்டார்கள். ஓர் எண்ணில் செய்தி குறைவுதான். ஆனால் நூற்றுக்கணக்கான இணைப்புகளின் எண்கள் சேர்ந்தால் கதை வேறு.

இந்த யோசனையின் வயதையும் சொல்லிவிடுகிறேன். 1935 பிப்ரவரி 26 அன்று இங்கிலாந்தின் டாவென்ட்ரியில் இருந்த பிபிசியின் சிற்றலை ஒலிபரப்பை வாட்சன்-வாட், ஆர்னால்ட் வில்கின்ஸ் என்ற இரண்டு விஞ்ஞானிகள் இரவல் வாங்கிக்கொண்டார்கள். ஹேஃபோர்ட் குண்டுவீச்சு விமானம் ஒன்று அந்த அலைக்குள் பறந்தது. நேராக வந்த அலையும் விமானத்தில் பட்டு வந்த அலையும் சேர்ந்து ரிசீவரில் ஏறி இறங்கின. பிரிட்டனின் ரேடார் அங்கே தொடங்கியது. வேறு காரியத்துக்காக யாரோ அனுப்பும் அலை, நடுவே ஓர் உடல், ஏறி இறங்கும் கூட்டுத்தொகை. வைஃபை உணர்தலும் இதே சங்கதிதான். விமானத்துக்குப் பதில் மார்புக்கூடு, 49 மீட்டர் அலைநீளத்துக்குப் பதில் 12 சென்டிமீட்டர்.

#7 கேள்விக்குறி

சரி, மூச்சு வரைக்கும் ஒப்புக்கொள்கிறேன். கணக்கு நிற்கிறது. ஆனால் உடல் வடிவப் படங்கள்? 12 செ.மீ. அலைநீளத்தை வைத்துக்கொண்டு முழங்கை எங்கே, முழங்கால் எங்கே என்று எப்படிச் சொல்ல முடியும்?

#8 சிற்றலை

அலைநீளத்தைவிடப் பெரிய தடை பட்டை அகலம், அதாவது சிக்னல் பரவியிருக்கும் அலைவெண்களின் அகலம். ஒன்றன்பின் ஒன்றாக இருக்கும் இரண்டு பொருள்களைத் தனித்தனியாகப் பிரித்தறிய வேண்டிய குறைந்தபட்ச இடைவெளி, ஒளியின் வேகத்தைப் பட்டை அகலத்தின் இரு மடங்கால் வகுத்தால் வரும். 20 மெகாஹெர்ட்ஸுக்கு அது 7.5 மீட்டர். ஒரு முழு அறை! 160 மெகாஹெர்ட்ஸ் எடுத்தாலும் 94 செ.மீ. முழங்கையாவது முழங்காலாவது.

அப்படியானால் படம் எப்படி வருகிறது என்றால், கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தார் 2022 கடைசியில் வெளியிட்ட ஆய்வில் மூன்று ஆன்டெனா அனுப்ப, மூன்று ஆன்டெனா வாங்க, சாதாரண ரவுட்டர்கள்தான். ஆனால் பயிற்சிக்காலத்தில் அதே அறையில் கேமராவும் இருந்தது. கேமரா காட்டிய உடல் வடிவத்தையும் அந்த நொடியின் சிஎஸ்ஐயையும் ஜோடி சேர்த்து நியூரல் நெட்வொர்க்குக்குக் கற்றுக்கொடுத்தார்கள். மனித உடல் எப்படி இருக்கும் என்பது மாடலுக்குத் தெரியும். சிஎஸ்ஐ கொடுக்கும் கொஞ்சூண்டு குறிப்பை வைத்து மீதியை அது நிரப்புகிறது. பயிற்சியில் இல்லாத அறை அமைப்பில் சோதித்தபோது துல்லியம் வெகுவாக இறங்கியதை அவர்களே எழுதியிருக்கிறார்கள். செய்தியாக வரும்போது அந்தப் பத்தி மட்டும் எப்படியோ காணாமல் போய்விடும்.

எம்ஐடியில் டீனா கட்டாபி குழுவினர் செய்ததையும் இதோடு கலந்து எழுதுகிறார்கள். 2013-இல் அவரும் ஃபாடெல் அடிபும் காட்டிய வை-வை, வைஃபை பட்டையில் இயங்கியதுதான். இரண்டு ஆன்டெனாக்களிலிருந்து வருபவை ஒன்றையொன்று ரத்து செய்யும்படி அமைத்து, சுவர் போன்ற அசையாதவற்றின் பிரதிபலிப்பை அழித்துவிட்டு, அசைவதை மட்டும் மிச்சம் வைத்தார்கள். அருமையான யோசனை. அடுத்த ஆண்டு வந்த வைட்ராக் வேறு சாதி. 5.5 முதல் 7.2 கிகாஹெர்ட்ஸ் வரை கிட்டத்தட்ட 1.7 கிகாஹெர்ட்ஸ் அகலத்தைத் துடைத்துப் போகும் ரேடார் அது. மேலே சொன்ன கணக்கில் போட்டால் பிரித்தறியும் தூரம் 9 செ.மீ.க்கும் கீழே. 2018-இல் சுவருக்குப் பின்னே குச்சி மனிதர்களை வரைந்ததும் அந்த வகை ரேடியோதான். உங்கள் ரவுட்டருக்கும் அதற்கும் பட்டை எண் மட்டுமே சொந்தம்.

#9 ஓரக்கண்

பொருள்களைப் பற்றி யாரும் பேசவில்லையே? பைக்குள் என்ன இருக்கிறது என்று வைஃபை சொல்லும் என்று ஓர் ஆய்வு பற்றிப் படித்த ஞாபகம்.

#10 சிற்றலை

ரட்கர்ஸ் பல்கலைக்கழகம் சம்பந்தப்பட்டது, 2018. பைக்குள் உலோகமோ திரவமோ இருந்தால் அலை வளைந்தும் உறிஞ்சப்பட்டும் வருவதை வைத்து வகை பிரித்தார்கள். உலோகம் திருப்பி அடிக்கும், தண்ணீர் விழுங்கும், துணியும் காகிதமும் விட்டுவிடும். இந்த மூன்று வகைக்குள் ரேடியோ கெட்டி. அதற்கு மேல் அது கத்தியா கரண்டியா என்று கேட்டால் வாயைத் திறக்காது.

அசையாத பொருள் ஆளைவிடக் கடினம். அசைவு இல்லாததால் கழித்துப் பார்க்க எதுவும் இல்லை. இந்த இடத்தில் எனக்கு மிகவும் பிடித்தது கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா வளாகத்தில் யாசமின் மொஸ்தோஃபி குழுவினர் செய்தது. பொருளின் பரப்பைத் தேடாமல் விளிம்புகளைத் தேடினார்கள். விளிம்பில் பட்ட அலை கூம்பு வடிவில் சிதறும் என்பது ஜோசஃப் கெல்லர் அந்தக் காலத்தில் எழுதிவைத்த விதி. அதை வைத்து 2023-இல் சுவருக்குப் பின்னால் வைத்த ஆங்கில எழுத்துகளின் வடிவத்தையே மீட்டார்கள். பயிற்சித் தரவை நம்பாமல் இயற்பியலை நம்பிய வேலை, அதனால்தான் சொல்கிறேன். ஆனால் ரிசீவர்களை வரிசையாக நகர்த்தி அளக்க வேண்டும். மேசைமேல் வைத்துவிட்டு மறந்துவிடும் சமாச்சாரம் இல்லை.

#11 மூடிய கதவு

எல்லோரும் "இதால் முடியாது, அதால் முடியாது" என்று ஆறுதல் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். எனக்குக் கவலையே வேறு. என் வீட்டுப் படத்தை வரைய வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. ஆள் இருக்கிறாரா, எத்தனை மணிக்குத் தூங்குகிறார், எப்போது வீடு காலியாக இருக்கிறது, இவ்வளவு தெரிந்தால் போதாதா? அதற்கு மேலே சொன்ன அற்பசொற்ப அளவே தாராளம்.

2025-இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ தொழில்நுட்பக் கழகத்தார் காட்டியதைப் பாருங்கள். வைஃபை 5 முதல் ரவுட்டர் தன் கற்றையைச் சாதனம் இருக்கும் திசைக்குத் திருப்ப, சாதனங்கள் அடிக்கடி சேனல் நிலையைச் சுருக்கி ரவுட்டருக்கு அனுப்புகின்றன. அந்த அறிக்கை மறைகுறியாக்கம் இல்லாமல் போகிறது. கடவுச்சொல் தேவையில்லை, சிறப்பு வன்பொருள் தேவையில்லை, பக்கத்தில் இருக்கும் யாரும் கேட்கலாம். 197 பேரை நடக்கவிட்டு, அந்த அறிக்கைகளை வைத்தே யார் நடக்கிறார் என்று ஏறக்குறைய நூறு சதவீதம் சரியாகச் சொன்னார்கள். நடப்பவர் கையில் போன்கூட இருக்க வேண்டாம்.

#12 கேள்விக்குறி

அந்த 197 பேரும் மாடலுக்கு முன்பே அறிமுகமானவர்கள். அதே இடம், அதே கருவிகள். தெருவில் போகும் யாரோ ஒருவரை அடையாளம் சொல்லவில்லையே?

#13 மூடிய கதவு

உண்மைதான். ஆனால் அந்த வாதம் எனக்குச் சாதகமாகத்தான் இருக்கிறது. புதிய இடம், புதிய ஆள் என்றால் மாடல் தடுமாறும். ஒரே இடம், பழகிய ஆட்கள் என்றால் அசத்தும். பழகிய ஆட்கள் ஒரே இடத்தில் இருப்பது எங்கே? வீட்டிலும் அலுவலகத்திலும். அலுவலகத்தில் யார் எந்த நேரம் இருக்கையில் இல்லை என்று பார்க்க ஆசைப்படும் நிர்வாகத்துக்கு உலகம் முழுக்கப் பொருந்தும் மாடல் எதற்கு? அடையாள அட்டை தேய்க்கும் நேரத்தையும் சிஎஸ்ஐயையும் ஜோடி சேர்த்தால் பயிற்சித் தரவு தானாக வந்து விழுகிறது.

#14 சிற்றலை

இதில் மூடிய கதவு பக்கம்தான் நான். இந்தத் தொழில்நுட்பத்தின் பலவீனம் பொது இடத்தில், பலம் வீட்டுக்குள். பயப்பட வேண்டிய இடத்தைச் செய்திகள் தலைகீழாகக் காட்டுகின்றன.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நம் நெட்வொர்க்கில் இல்லாத யாரோ ஒருவர் போலிப் பாக்கெட் ஒன்றை நம் சாதனத்தின் முகவரிக்கு அனுப்பினாலும், சாதனம் "வந்துவிட்டது" என்று ஒப்புகை அனுப்பிவிடும். 2020-இல் இதை எடுத்துக்காட்டினார்கள். பிழையும் இல்லை, திருத்தவும் முடியாது. ஒப்புகையை 10 அல்லது 16 மைக்ரோவிநாடிக்குள் அனுப்பியாக வேண்டும் என்பது விதி. மறைகுறியைப் பிரித்து இது நம்மாளா என்று பார்க்க அந்த நேரம் போதாது. 2022-இல் இதை ட்ரோனில் ஏற்றி, வீட்டுக்குள் இருக்கும் சாதனங்கள் எங்கெங்கே உள்ளன என்று மீட்டர் அளவுத் துல்லியத்தில் கண்டுபிடித்தார்கள். அசையாத சாதனம் ஒன்று கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிறது என்றால், வெளியில் இருப்பவருக்கு வீட்டுக்குள்ளேயே ஓர் இலவச அனுப்பி கிடைத்துவிட்டது என்று பொருள்.

#15 தாழ்வாரம்

விளக்குக்கு வழி கேட்டு வந்தேன், இப்போது ரவுட்டரையே பிடுங்கி வைக்கத் தோன்றுகிறது. நல்லது. என் பிரச்சினைக்கு மட்டும் ஒரு வரி: ஈஎஸ்பி32 வாங்கட்டுமா, வேண்டாமா?

#16 நிரல்பூச்சி

கற்றுக்கொள்ள என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள். விளக்கு எரிய என்றால் 24 அல்லது 60 கிகாஹெர்ட்ஸ் மில்லிமீட்டர் அலை ரேடார் பலகை ஒன்றை வாங்கிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். 60-இல் அலைநீளம் 5 மி.மீ., மூச்சே அதற்குப் பெரிய அசைவு. எவ்வளவு தூரம் வரை பார்க்க வேண்டும் என்று எல்லையும் வைக்கலாம், அதனால் பக்கத்து அறையில் நடப்பவருக்காக உங்கள் விளக்கு எரியாது. வைஃபையில் இந்த எல்லைதான் கிடைக்காது. விசிறியைப் பார்க்காத கோணத்தில் மட்டும் வையுங்கள், அதுவும் தொல்லை கொடுக்கும்.

#17 பழைய வானொலி

இன்றைக்கு இது சரியான பதில். நாளைக்கு எப்படியோ. உணர்தலுக்கென்றே, வைஃபை விதிகளை வகுக்கும் ஐஇஇஇ அமைப்பு 802.11பிஎஃப் என்று ஒரு திருத்தம், 2020-இல் குழு அமைத்து 2025-இல் முடித்திருக்கிறார்கள். 7 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள பட்டைகளுக்கும் 60-க்கும் பொருந்தும். எப்போது அளப்பது, யார் அளப்பது, முடிவை யாரிடம் தருவது என்பதை எல்லாக் கருவிகளும் ஒரே மொழியில் பேசிக்கொள்ளும். தரவு அனுப்புவதற்கு நடுவே திருட்டுத்தனமாக எடுத்துக்கொண்டிருந்ததற்கு இனி முறையான நேரம் ஒதுக்குவார்கள்.

#18 மூடிய கதவு

முறையான நேரம் ஒதுக்குவார்கள், சரி. அந்த அறையில் உட்கார்ந்திருப்பவரிடம் யார் கேட்பார்கள்? விருந்தாளியாக வந்தவர் எந்தப் பொத்தானை அழுத்தி "என்னை அளக்காதே" என்று சொல்வார்?

#19 கேள்விக்குறி

நியாயமான கேள்வி. அதுவரை நம் பக்கத்தில் செய்யக்கூடியது ஏதாவது உண்டா? அலுமினியத் தாள் ஒட்டும் யோசனைகள் வேண்டாம், நானே எங்கள் வைஃபையைக் கொன்றுகொள்வேன்.

#20 நிரல்பூச்சி

முழுப் பாதுகாப்பு கிடையாது, கொஞ்சம் குறைக்கலாம். டிவி, பிரிண்டர் மாதிரி அசையாத சாதனங்களைக் கேபிளில் இணைத்து அவற்றின் வைஃபையை அணைத்துவிடுங்கள். வெளியிலிருந்து கேட்பவருக்கு நிலையான அனுப்பிகள்தான் முக்கியம். அனுப்பியும் நகர்ந்தால் அவருடைய கணக்கு குழம்பும்.

ரவுட்டர் அமைப்பில் கற்றைத் திருப்பல், அதாவது பீம்ஃபார்மிங், அணைக்கும் வசதி இருந்தால் அணைத்துப் பாருங்கள். மானிட்டர் முறையில் (காற்றில் போகும் எல்லாப் பாக்கெட்டையும் கேட்கும் முறை) ஒரு லேப்டாப்பை வைத்து முன்னும் பின்னும் பதிவு செய்தேன். அணைத்த பிறகு மூடிய கதவு சொன்ன அந்த அறிக்கைகள் நின்றுவிட்டன. கடைசி அறையில் வேகம் கொஞ்சம் குறைந்தது. சில மாடல்களில் பொத்தானை அணைத்தாலும் ஒரு பட்டையில் மட்டும் தொடர்ந்து வரும். அதனால் அமைப்புப் பக்கத்தை நம்பாமல் பதிவு செய்து பாருங்கள். ஒப்புகை விஷயத்துக்கு மட்டும் என்னிடம் வழி எதுவும் இல்லை.